செய்முறையை வெட்டினால் முடிவே வெட்டுப்படுகிறது: இதய ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதய ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும், அவர்களுக்காகக் கட்டுரைகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

கிருமியை உடனே உணரும் செல் புரதங்களான உள்ளார்ந்த நோயெதிர்ப்பு ஏற்பிகளுக்கும் இதயத் தசைத் தடிப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கூட மேசையில் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை எழுதுகிறோம். செய்முறைப் பகுதியைச் சுருக்கச் சொல்கிறீர்கள். மிச்சத்தை இணைப்புக் கோப்புக்குத் தள்ளச் சொல்கிறீர்கள். அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்ட மதிப்பீட்டாளர்கள் அரிது. இன்னொரு பக்கம், "ஏற்பியை நீக்கிய பிறகும் இதயம் அதே அளவு தடித்தது" என்று முடிகிற கட்டுரையைப் புதுமை இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிறீர்கள். இந்த இரண்டு வழக்கங்களும் சேர்ந்து எங்கள் துறையில் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாத நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. இதை இனியும் வாய்மூடி ஏற்க எங்களால் முடியாது.

எங்கள் துறையில் மட்டும் இது ஏன் இவ்வளவு கேடு என்பதற்கு, அந்த ஏற்பிகள் என்ன செய்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டோல் என்ற மரபணு முதலில் பழ ஈயின் கருவளர்ச்சி ஆய்வில் தெரியவந்தது. அதே மரபணுதான் வளர்ந்த ஈயைப் பூஞ்சையிடமிருந்து காக்கிறது என்று 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு காட்டியது. மனிதரில் அதன் இணையை 1997இல் ருஸ்லான் மெட்ஷிடோவும் சார்ல்ஸ் ஜேன்வேயும் கண்டார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு, பாக்டீரியாவின் புறச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளை உணர்வது டோல் போன்ற ஏற்பிகளில் (டி.எல்.ஆர்.) நான்காவதான டி.எல்.ஆர்.4 என்று நிறுவியது. மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 10 ஏற்பிகள். சில செல்லின் மேற்புறச் சவ்வில் நிற்கின்றன. 3, 7, 8, 9 ஆகியவை செல்லுக்குள் எண்டோசோம் பைகளில் இருக்கின்றன. கிருமியை அடையாளம் காண வந்த இவை, உடைந்த நம் செல்களின் துண்டுகளையும் அடையாளம் காண்கின்றன. எச்.எம்.ஜி.பி.1, எஸ்100ஏ8, எஸ்100ஏ9 ஆகிய புரதங்கள், செல்புறச் சட்டகத்திலிருந்து பிய்ந்த ஹயலுரோனன் துணுக்குகள், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. எனப் பட்டியல் நீளம்.

செயலிழந்த இதயத் தசையில் டி.எல்.ஆர்.4 கூடுதலாகத் தெரிகிறது என்பது 1999இல் வெளியானது. 2005இல், பெருந்தமனியை இறுக்கிய சுண்டெலிகளில், இந்த ஏற்பி இல்லாதவற்றின் இதயம் குறைவாகத் தடித்தது என்று வந்தது. 2012இல் கின்யா ஓட்சு குழு இன்னொரு வாசலைத் திறந்தது. அழுத்தச் சுமை தாங்கும் தசைச் செல்லில், பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. முழுதாகச் சிதைக்கப்படாமல் தங்கினால், செல்லுக்குள்ளேயே உள்ள டி.எல்.ஆர்.9 அதைப் பாக்டீரியா என்று எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது. தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று புரியும்.

இனி மேலே சொன்ன "குறைவாகத் தடித்தது" என்ற சொற்களைக் கவனியுங்கள். தடிப்பு நிற்கவில்லை, குறைந்தது. நிற்காததற்குக் காரணம் உண்டு. சுமை ஏறியவுடன் தசைச் செல்லில் கால்சியம் கூடுகிறது, கால்சினியூரின் என்ற நொதி விழிக்கிறது, என்ஃபேட் புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்க் கருக்கால மரபணுக்களை எழுப்புகிறது. 1998இல் துலங்கிய இந்தப் பாதை எந்த டோல் ஏற்பியின் தயவும் இல்லாமல் ஓடக்கூடியது. ஏற்பிகள் செய்வது அதன் மேல் ஏறி நிற்கிற வேலை: மை.டி.88, ஐராக், டிராஃப்6 என்னும் இடைநிலைப் புரதங்கள் வழியாக, அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்.எஃப்.கப்பா.பி.யை எழுப்பி, டி.என்.எஃப்., ஐ.எல்.6, ஐ.எல்.1 பீட்டா ஆகிய அழற்சிப் புரதங்களைச் சுரக்க வைத்து, தடிப்பை நார்த்திசுப் படிவாகவும் செயலிழப்பாகவும் திருப்புவது. அதாவது நாங்கள் அளப்பது முழு விளைவை அல்ல, ஒரு பகுதி விளைவை. விளைவே பகுதி என்றால், செய்முறையில் நேரும் சின்னப் பிசகும் அதே அளவுக்கு வந்து நிற்கும். எது ஏற்பியின் வேலை, எது பிசகின் வேலை என்று பிரித்துக் காட்டும் இடம் செய்முறைப் பகுதி ஒன்றுதான். அதைத்தான் வெட்டுகிறீர்கள்.

எண்டோடாக்சினை எடுத்துக்கொள்வோம். இதய செல்களின் மேல் ஊற்றி "இது டி.எல்.ஆர்.4ஐத் தூண்டுகிறது" என்று காட்டப்படும் புரதங்களில் பெரும்பகுதி ஈ.கோலி பாக்டீரியாவில் வளர்த்து எடுத்தவை. ஈ.கோலியின் புறச்சவ்வு முழுக்க எண்டோடாக்சின். புரதத்தைச் சுத்திகரிக்கும்போது அது ஒட்டிக்கொண்டே வரும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் நிற்காது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் சாகாது. கண்ணாடிக் கலத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும். கிருமி விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள், எண்டோடாக்சின் மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில் இருந்தாலே எழுந்துவிடும். நாங்கள் ஊற்றும் புரதமோ மைக்ரோகிராம் கணக்கு. புரதத்தில் லட்சத்தில் ஒரு பங்கு எண்டோடாக்சின் இருந்தாலும் போதும், கண்ட விளைவு முழுவதும் அதனுடையதாக இருக்கலாம்.

இது கற்பனைப் பயம் இல்லை. எச்.எஸ்.பி.60, எச்.எஸ்.பி.70 ஆகிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் டி.எல்.ஆர்.4ஐத் தூண்டுவதாகப் பல கட்டுரைகள் வந்தன. 2003இல் எண்டோடாக்சினை நீக்கிய புரதத்தை வைத்துச் செய்து பார்த்தபோது அந்தத் தூண்டல் காணாமல் போனது. அதற்குள் அந்தக் கட்டுரைகளின் மேல் எத்தனையோ ஆய்வுகள் கட்டப்பட்டிருந்தன.

இதில் மதிப்பீட்டாளர்கள் தொடர்ந்து ஏமாறும் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். "டி.எல்.ஆர்.4 நீக்கிய செல்லில் இந்தப் புரதம் வேலை செய்யவில்லை, ஆகவே புரதம் டி.எல்.ஆர்.4 வழியாகத்தான் வேலை செய்கிறது" என்ற வாதம். எண்டோடாக்சின் கலந்திருந்தாலும் இதே முடிவுதான் வரும், ஏனென்றால் எண்டோடாக்சினின் ஏற்பியும் அதுவே. இந்தச் சோதனை கலப்படத்தைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது வேறு: புரதத்தைக் கொதிக்க வைத்துச் சிதைத்து அதே அளவில் ஊற்றிப் பார்ப்பது. புரதம் சிதையும், எண்டோடாக்சின் தாங்கும். கொதித்த பிறகும் விளைவு இருந்தால் அது புரதத்தினுடையது இல்லை. பாலிமிக்ஸின் பி சேர்த்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் அது எண்டோடாக்சினைத்தான் கட்டும். கூடவே வந்த பாக்டீரிய லிப்போபுரதங்களைக் கட்டாது, அவை டி.எல்.ஆர்.2ஐத் தூண்டிக்கொண்டிருக்கும். எச்.எம்.ஜி.பி.1இல் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் 23, 45ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் டைசல்ஃபைடுப் பிணைப்பில் இருந்தால்தான் எம்.டி.2 என்ற துணைப் புரதம் வழியாக டி.எல்.ஆர்.4ஐத் தொடும். முழுதும் ஒடுக்கப்பட்ட வடிவம் வேறு ஏற்பிக்குப் போய்விடும். எந்த வடிவத்தை ஊற்றினார்கள் என்பது எங்கே எழுதியிருக்கும்? எழுதியிருந்தால், இணைப்புக் கோப்பில்.

அடுத்தது முடிச்சு. அழுத்தச் சுமையால் வரும் தடிப்பை ஆராய, சுண்டெலியின் பெருந்தமனி வளைவை வலப்புற முதல் கிளைக்கும் இடக் கழுத்துத் தமனிக்கும் நடுவில் இறுக்குகிறோம். தமனியின் மேல் 27 எண் ஊசியின் மழுங்கிய துண்டைப் படுக்க வைத்து, 6-0 அல்லது 7-0 பட்டு நூலால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஊசியை உடனே உருவி எடுக்கிறோம். ஊசி இருந்த இடம்தான் இனி ரத்தம் போகும் துளை. 27 எண் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 0.41 மில்லிமீட்டர், 26 எண்ணுக்கு 0.46. ஒரே ஒரு எண் மாறினால் துளையின் பரப்பு கால் பங்குக்கு மேல் மாறுகிறது. ஊசி அதேதான் என்றாலும் 20 கிராம் எலியும் 27 கிராம் எலியும் ஒரே சுமையைச் சுமப்பதில்லை. முடிச்சின் இறுக்கமோ அறுவை செய்பவரின் விரலில் இருக்கிறது. காலையில் போட்ட முடிச்சும் மாலையில் போட்ட முடிச்சும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சில எலிகளில் நூல் நாளடைவில் தமனிச் சுவரை அறுத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் முடிச்சு இருக்கும், இறுக்கம் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு எலியிலும் முடிச்சுக்கு அப்பால் ரத்த ஓட்ட வேகத்தை டாப்ளரில் அளந்தே தீர வேண்டும். அழுத்த வேறுபாடு வேகத்தின் இருமடியை நான்கால் பெருக்கி வருவது. வினாடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மி.மீ. பாதரசம், 4 மீட்டர் என்றால் 64. ஏற்பி நீக்கிய குழுவில் சராசரி 36ஆகவும் ஒப்பீட்டுக் குழுவில் 64ஆகவும் இருந்தால், இதயம் குறைவாகத் தடித்ததற்கு ஏற்பி காரணமா, நூல் காரணமா? இந்த எண்களை எலி வாரியாகத் தராமல் "பெருந்தமனி முன்பு விவரித்தபடி இறுக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரைகளை நீங்கள் ஏற்று வெளியிடுகிறீர்கள். அந்த "முன்பு விவரித்தபடி"யைத் தேடிப் போனால் அதற்கும் முந்தைய கட்டுரையைக் கைகாட்டும். அங்கே போனால் ஊசியின் எண்ணே இருக்காது.

செத்துப்போன எலிகளின் கணக்கும் அப்படித்தான். அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் இறப்பு இருக்கும். ஒரு குழுவில் மிக இறுக்கமாகக் கட்டுண்டவை செத்து, தளர்வாகக் கட்டுண்டவை தப்பினால், நான்கு வாரம் கழித்து எடைபோடும்போது அந்தக் குழுவின் இதயங்கள் தானாகவே சிறியவையாகத் தெரியும். மார்பைத் திறந்ததே ஒரு காயம், காயமே உள்ளார்ந்த நோயெதிர்ப்பை எழுப்பும். எனவே போலி அறுவை (மார்பைத் திறந்து, தமனியை இறுக்காமல் மூடுவது) இரண்டு மரபணு வகைகளிலும் செய்யப்பட்டிருக்க வேண்டும். வலிநீக்கியையும் சொல்ல வேண்டும். அழற்சியை அடக்கும் வலிநீக்கி நாங்கள் அளக்க வந்ததையே அடக்கும். ஓபியாய்டு வகை மருந்துகள் டி.எல்.ஆர்.4உடன் வினைபுரிவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்ற மூன்று எண்களைப் போட எவ்வளவு இடம் பிடிக்கும்?

எலியின் வம்சத்துக்கு வருவோம். இங்கேதான் எங்களுக்கு மிகுந்த வேதனை, ஏனென்றால் இது அறுவைத் திறமையோ விலை உயர்ந்த கருவியோ கேட்காத விஷயம். பரவலாகப் பயன்படும் எலி வம்சத்தின் பெயரான பிளாக் 6 என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். பிளாக் 6இல் ஜே என்ற கிளையும் என் என்ற கிளையும் 1951இல் பிரிந்தன. ஜே கிளையில் பிறகு என்.என்.டி. என்ற மைட்டோகாண்ட்ரிய நொதியின் மரபணுவில் ஐந்து எக்ஸான்கள் (புரதக் குறியீடு உள்ள துண்டுகள்) விழுந்துவிட்டன. அழுத்தச் சுமையில் என் கிளை விரைவாகச் செயலிழப்புக்குப் போகிறது, ஜே கிளை தாக்குப்பிடிக்கிறது என்றும் அதற்கு இந்த நொதியே காரணம் என்றும் 2015இல் தெளிவானது. போதாததற்கு ஜே கிளையில் என்.எல்.ஆர்.பி.12 என்ற உள்ளார்ந்த நோயெதிர்ப்பு மரபணுவிலும் ஒரு பிறழ்வு இருக்கிறது, அதனால் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் திசுவுக்குள் வருவதே குறைகிறது என்று 2016இல் காட்டினார்கள். ஏற்பி நீக்கிய எலியை ஒரு கிளையில் வளர்த்து, ஒப்பீட்டு எலியை மற்றக் கிளையிலிருந்து விலைக்கு வாங்கினால், ஏற்பிக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலே இரண்டு குழுக்களின் இதயங்களும் வேறுபடும்.

129 என்ற வேறோர் எலி வம்சத்தின் குருத்தணுக்களில் செய்த மரபணு நீக்கம் இன்னொரு பொறி. நீக்கிய மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள 129 வம்ச மரபணுக்கள் எத்தனை தலைமுறை கலந்தாலும் ஒட்டிக்கொண்டே வரும். கேஸ்பேஸ் 1 என்ற அழற்சி நொதியை நீக்கிய எலிகள் என்று ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தப்பட்டவற்றில் கேஸ்பேஸ் 11உம் வேலை செய்யவில்லை என்று 2011இல்தான் தெரிந்தது. அழற்சியைத் தொடங்கும் புரதக் கூட்டமான இன்ஃப்ளமசோம் பற்றி அதுவரை எழுதியதில் எவ்வளவைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கம்பக்க மரபணுக்களின் சிக்கல் இதில் தீராது என்றாலும், கிளை வேறுபாட்டுக்கு மருந்து ஒன்றுதான்: ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஒப்பிடுவது. கலப்பு மரபணுத் தாய் தந்தையை இணைத்தால் நான்கில் ஒன்றுதான் முழு நீக்கம். 12 நீக்கக் குட்டிகள் வேண்டுமென்றால் சராசரியாக 48 குட்டிகள் பிறக்க வேண்டும். ஒரு பாலினம் மட்டும் போதும் என்றால் 96. செலவும் காலமும் ஆகும், உண்மைதான். அந்தச் செலவைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உங்கள் இதழில் ஒரே மரியாதை என்றால், அடுத்த முறை யார் செய்வார்? ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே கூண்டில் வளர்வதால் குடல் பாக்டீரியாக்களும் பொதுவாக அமைகின்றன. பாக்டீரியாவை உணரும் ஏற்பியை ஆராய்கிற நாங்கள் தனித்தனிக் கூண்டில் வளர்ந்த எலிகளை ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்?

எந்தச் செல்லின் ஏற்பி என்பது அடுத்த கேள்வி. சுண்டெலி இதயத்தில் எண்ணிக்கைப்படி தசைச் செல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்கள், நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், மேக்ரோபேஜ்கள் போன்றவை. முழு இதயத்தை அரைத்து, எதிர்ப்பொருளால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டி, "தசைச் செல்லில் டி.எல்.ஆர்.4 கூடியது" என்று தலைப்பு வைக்கிறார்கள். கூடியது மேக்ரோபேஜ்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். அரைப்பதற்கு முன் இதயத்தை உப்புக் கரைசலால் கழுவினார்களா என்றுகூடத் தெரியாது. கழுவாவிட்டால் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களின் ஏற்பியும் சேர்ந்தே கணக்கில் வரும். பிறந்து ஒன்று முதல் மூன்று நாள் ஆன எலிக்குட்டியின் செல்களை வளர்க்கும்போதும் இதே சிக்கல். ஒன்றிரண்டு மணி நேரம் தட்டில் விட்டு முதலில் ஒட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட்களை நீக்குவது வழக்கம். அவசரத்தில் அரை மணியில் எடுத்தால் கலப்பு மிஞ்சும், மிஞ்சியவை நாளுக்கு நாள் பெருகும், தசைச் செல்களோ பெருகா. மூன்றாம் நாள் அழற்சி மரபணுக்களை அளந்தால் அளப்பது யாரை? மரபணுவை வெட்டும் கிரே புரதத்தால் அதைத் தசைச் செல்லில் மட்டும் நீக்குவதாகச் சொல்லும் கிரே எலிகளிலும், அந்தக் கிரே புரதமே இதயத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது. கிரே மட்டும் உள்ள எலிகள் ஒப்பீட்டில் இல்லாத கட்டுரையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

எதிர்ப்பொருள் பற்றி ஒரு வரி போதும்: ஏற்பி நீக்கிய எலியின் இதயத்திலும் அதே பட்டை தெரிகிறதா என்று காட்டாத டி.எல்.ஆர். பிளாட் எதற்கும் சான்று இல்லை.

எண்ணிக்கையில் நடப்பதும் பெரிய அநியாயம். ஆறு இதயங்களில் இதயத்துக்கு 200 செல்களின் குறுக்குவெட்டுப் பரப்பை அளந்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை 1,200 என்று போட்டுச் சோதிக்கிறார்கள். மாதிரி எண்ணிக்கை ஆறுதான். இப்படிப் போட்டால் எந்த வேறுபாடும் "குறிப்பிடத்தக்கது" ஆகிவிடும். இதய எடையை உடல் எடையால் வகுப்பதும் அப்படியே. அறுவைக்குப் பின் நோயுற்று இளைத்த எலியில் விகிதம் தானாக ஏறும். கால் முன்னெலும்பின் நீளத்தால் வகுக்க வேண்டும், அது இளைக்காது.

மனிதருக்கு வரும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். இதய அல்ட்ராசவுண்டான எக்கோவில் இடக் கீழறையின் எடையை அளவீடுகளைக் கூட்டி மும்மடியாக்கிக் கணக்கிடுகிறோம். அறையின் விட்டம் 4.8 செ.மீ., சுவர்கள் இரண்டும் 1.0 செ.மீ. என்றால் எடை 170 கிராம். அதே அறையில் இரண்டு சுவர்களையும் 1.1 என்று அளந்துவிட்டால் 194. உடற்பரப்பு 1.65 சதுர மீட்டர் உள்ள ஓர் ஆணுக்கு முதல் அளவீடு சதுர மீட்டருக்கு 103 கிராம், இயல்பு. இரண்டாவது அளவீடு 118, வரம்பான 115ஐத் தாண்டிவிட்டது. திரையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் குறி வைத்ததில் ஒருவருக்குத் தசைத் தடிப்பு வந்துவிடுகிறது. ஏற்பி மரபணுவின் வேறுபாட்டுக்கும் தடிப்புக்கும் தொடர்பு கண்டோம் என்னும் கட்டுரையில் யார் அளந்தார், எத்தனை பேர் அளந்தார்கள், மரபணு வகை தெரியாமல் அளந்தார்களா என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டாமா? திசு ஆய்வில் "இயல்பான இதயம்" என்று வருவது பெரும்பாலும் மாற்று அறுவைக்கு வந்து பயன்படாமல் போன இதயம். மூளைச்சாவே உடல் முழுக்க அழற்சியை எழுப்பும். அதை ஒப்பீடாக வைத்து அழற்சி ஏற்பியை அளந்தால், வேறுபாடு இல்லை என்று வந்தாலும் பொருள் இல்லை.

இவ்வளவும் ஏன் அவசரம் என்றால், இந்த முடிவுகளைப் பிடித்துக்கொண்டுதான் மருந்துகள் நோயாளியிடம் போகின்றன. டி.என்.எஃப். இதயத்தைக் கெடுக்கிறது என்பது விலங்குகளில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் எட்டனர்செப்ட் மருந்தின் சோதனைகள் பயனில்லை என்று 2001இல் நிறுத்தப்பட்டன. அதையே தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்துச் சோதனையின் முடிவு 2003இல் வந்தபோது, கிலோவுக்கு 10 மில்லிகிராம் பெற்ற இதயச் செயலிழப்பு நோயாளிகளில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியிருந்தன. டி.என்.எஃப்.இன் இரண்டு ஏற்பிகளும் இல்லாத சுண்டெலிகளில் மாரடைப்புப் பரப்பு பெரிதாகிறது என்பது அதற்கு முன்பே, 2000இல், வெளியாகியிருந்தது. காக்கவும் செய்கிற சமிக்ஞை அது. 2017இல் வெளியான 10,061 பேர் கொண்ட கானகினுமாப் சோதனை, ஐ.எல்.1 பீட்டாவைத் தடுத்தால் மாரடைப்புகள் குறைகின்றன என்று காட்டியது; உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின என்பதையும் காட்டியது. டி.எல்.ஆர்.4ஐத் தடுக்கும் எரிடோரான் சுண்டெலியில் தசைத் தடிப்பைக் குறைத்தது என 2011இல் வந்தது. அதே மருந்து செப்சிஸ் நோயாளிகளில் இறப்பைக் குறைக்கவில்லை என்பது 2013இல் வெளியானது. நோயெதிர்ப்பின் முன்வாசலை அடைக்கும் மருந்து இது. அதை இதயத்துக்காக ஆண்டுக்கணக்கில் தரலாமா என்று ஒருநாள் யாரோ முடிவு செய்வார்கள். முடிச்சின் இறுக்கம் அளக்கப்படாத, எலியின் கிளை குறிக்கப்படாத கட்டுரைகளை நம்பி அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது.

வேறுபாடு இல்லை என்ற முடிவுகளை நீங்கள் மறுப்பதால் வரும் கேடும் இங்கேதான் சேர்கிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளில், முடிச்சை அளந்து, கவனமாகச் செய்தவர்களுக்கு விளைவு சிறிதாகவோ இல்லாமலோ வரும் வாய்ப்பு அதிகம். அவர்களின் கட்டுரை அலமாரியில் கிடக்கிறது. கவனக்குறைவு தரும் பெரிய வேறுபாடு அச்சேறுகிறது. பிறகு அச்சேறியவற்றை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்துத் தொகுப்பாய்வு என்று வெளியிடுகிறீர்கள்.

விலங்காய்வை எப்படி எழுத வேண்டும் என்று அரைவ் வழிகாட்டுதல்கள் 2010இல் வந்தன, 2020இல் திருத்தப்பட்டன. பல இதழ்கள் அவற்றை ஏற்பதாக அறிவித்திருக்கின்றன. அறிவிப்பு உங்கள் ஆசிரியர் விதிகளில் இருக்கிறது. கட்டுரைகளில் அது தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறோம்.

செய்முறைப் பகுதிக்குச் சொல் வரம்பை எடுத்துவிடுங்கள். அது கட்டுரையின் உடலிலேயே இருக்கட்டும். "முன்பு விவரித்தபடி" என்று எழுதினால், விவரித்த கட்டுரையில் அந்த விவரம் உண்மையில் இருக்கிறதா என்று அலுவலக மட்டத்திலேயே சரிபாருங்கள்.

பாக்டீரியாவில் எடுத்த புரதம் எதைப் பயன்படுத்தினாலும், அதன் எண்டோடாக்சின் அளவை மில்லிகிராமுக்கு எத்தனை அலகு என்றும், செல்தட்டில் இறுதியாக மில்லிலிட்டருக்கு எத்தனை அலகு என்றும் கேளுங்கள். கொதித்த புரத ஒப்பீடு இல்லாமல் மதிப்பீட்டுக்கே அனுப்ப வேண்டாம்.

பெருந்தமனி இறுக்கிய ஆய்வுகளில் ஊசியின் எண், நூலின் எண், எலியின் வயதும் எடையும், ஒவ்வொரு எலியின் அழுத்த வேறுபாடு, எத்தனை எலிகளில் தொடங்கி எத்தனை எந்த நாளில் செத்தன, எவை ஏன் விலக்கப்பட்டன, முடிச்சுப் போட்டவருக்கு மரபணு வகை தெரியுமா என்பதெல்லாம் முதல் படத்துக்கு முன் ஓர் அட்டவணையாக வர வேண்டும்.

எலியின் முழு வம்சப் பெயரும் கிளையும் கட்டாயமாகட்டும். ஒரே ஈற்றுக் குட்டிகள் இல்லையென்றால் அது சுருக்கவுரையிலேயே சொல்லப்படட்டும். கிரே எலிகளுக்குக் கிரே மட்டும் உள்ள ஒப்பீட்டைக் கேளுங்கள். எதிர்ப்பொருளுக்கு ஏற்பி நீக்கிய திசுவின் பட்டையை, வெட்டாத முழுப் படமாகக் கேளுங்கள்.

முழு இதயத்தை அரைத்து அளந்த கட்டுரையின் தலைப்பில் "தசைச் செல்" என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள்.

முடிவு தெரியும் முன்பே செய்முறையை மட்டும் மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளும் வழக்கம் 2013 முதல் சில இதழ்களில் இருக்கிறது. அதை இதயத் தசைத் தடிப்பு ஆய்வுகளுக்கும் திறந்துவிடுங்கள். ஏற்கெனவே முடிந்து கிடக்கும், வேறுபாடு காணாத ஆய்வுகளுக்கு, செய்முறை உறுதியாக இருந்தால், ஆண்டுக்கு ஓர் இதழையாவது ஒதுக்குங்கள்.

பழைய கட்டுரைகளின் ஆசிரியர்கள் எலியின் கிளையையும் முடிச்சின் அளவையும் இப்போது சேர்க்க விரும்பினால், அதைத் தவறு ஒப்புதலாகப் பதிவு செய்யாமல் செய்முறைக் குறிப்பாகக் கட்டுரையோடு இணைக்க ஒரு வழி செய்யுங்கள். பதிவேடுகளும் உறைந்த திசுக்களும் இன்னும் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. அவை தூக்கி எறியப்படும் முன் இது நடக்க வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்பதை உங்கள் இதழின் தலையங்கப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
இதயத் தசைத் தடிப்பு ஆய்வில் பணிபுரிவோர்